பொதுத் தடத்தில் தனிப் பாதை: ஊர்விட்டு ஊர் இணையும் அலுவலகங்கள்

ஒரு நிறுவனத்தின் கணினிகள் அனைத்தும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கும்வரை அவற்றை இணைப்பது அந்த நிறுவனத்தின் சொந்த வேலை. கேபிளை வாங்கிச் சுவரோரமாக இழுத்து, மாடிக்கு மாடி ஒரு சுவிட்ச் வைத்துவிட்டால் போதும். கேபிள் மதிலைத் தாண்டித் தெருவைக் கடக்க வேண்டிய இடத்தில்தான் நிலைமை மாறுகிறது. தெரு ஊருக்குப் பொது. அதன் அடியில் கேபிள் பதிக்கவும், ஊர்களுக்கு இடையே தகவலைக் கொண்டுசெல்லும் தடங்களை நடத்தவும் பெரும்பாலான நாடுகளில் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கே அனுமதி உண்டு. ஆகவே சென்னையில் தலைமை அலுவலகமும் கோவை, மதுரை, மும்பை, தில்லி ஆகிய ஊர்களில் கிளைகளும் கொண்ட ஒரு நிறுவனம், தன் கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்க யாரிடமாவது வழியை வாடகைக்கு எடுத்தே ஆகவேண்டும். அந்த வழியை முழுவதுமாகத் தனக்கென்று வாங்கிக்கொள்ளலாம்; அல்லது காசு கொடுக்கும் எவருக்கும் திறந்திருக்கும் ஒரு வலையமைப்பில் மற்றவர்களோடு இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். இரண்டாவது வகைக்கே பொதுத் தரவு வலையமைப்பு என்று பெயர். பொதுப் பேருந்து என்று சொல்லும்போது உள்ள அதே பொருள்தான் இங்கேயும் ‘பொது’ என்ற சொல்லுக்கு உண்டு: வண்டி ஒன்று, பயணிகள் பலர், அவரவர் பையில் இருப்பது அவரவருக்கு மட்டும்.

முதல் வகையான தனித் தடத்தைத் தொழில் வழக்கில் லீஸ்டு லைன் என்பார்கள். அமெரிக்காவில் 1962-இல் பெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய டி1 என்ற தடம் நொடிக்கு 15.44 லட்சம் பிட்டுகளைச் சுமந்தது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கும் இ1 தடத்தின் வேகம் நொடிக்கு 20.48 லட்சம் பிட்டுகள். இத்தகைய தடத்துக்கு மாதவாடகை தூரத்தைப் பொறுத்து ஏறும்; நிறுவனம் தூங்கும் நேரத்துக்கும் வாடகை ஓடும். அதைவிடப் பெரிய இடர்ப்பாடு எண்ணிக்கையில் இருக்கிறது. ஐந்து அலுவலகங்களை ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் நேராகப் பேசும்படி இணைக்கப் பத்துத் தடங்கள் வேண்டும். பத்து அலுவலகங்களுக்கு 45, இருபதுக்கு 190. அலுவலகம் ஒன்று கூடும்போது தடங்கள் ஒன்றல்ல, ஏற்கெனவே உள்ள அலுவலகங்கள் எத்தனையோ அத்தனை கூடுகின்றன. இந்தக் கணக்குக்கு அஞ்சித்தான் பல நிறுவனங்கள் எல்லாக் கிளைகளையும் தலைமை அலுவலகத்தோடு மட்டும் இணைத்து நிறுத்திக்கொண்டன. அதன் விளைவாக, கோவையிலிருந்து மதுரைக்குப் போகும் ஒரு சிறு செய்திகூடச் சென்னைக்குப் போய்த் திரும்பவேண்டியதாயிற்று, சென்னையில் மின்சாரம் போனால் கோவையும் மதுரையும் சேர்ந்தே ஊமையாயின.

தடத்தைப் பகிர்ந்துகொள்வது ஏன் முடிகிறது என்பதற்கான காரணம் கணினிகள் பேசும் விதத்தில் அடங்கியிருக்கிறது. மனிதர்கள் தொலைபேசியில் பேசும்போது ஏறக்குறைய இடைவிடாமல் ஒலி போய்க்கொண்டிருக்கும். கணினியோ ஒரு நொடியில் ஒரு கோப்பைக் கொட்டிவிட்டு அடுத்த பல நொடிகள் வாளாவிருக்கும். ஒரு கிளையின் மேசையில் இருப்பவர் கணக்கைத் திறக்கிறார், திரையைப் படிக்கிறார், யோசிக்கிறார், பிறகு ஒரு விசையை அழுத்துகிறார்; அந்த யோசனை நேரம் முழுவதும் தடம் காலி. பல நிறுவனங்களின் இத்தகைய விட்டுவிட்டு எழும் பேச்சுகளை ஒரே பெரிய தடத்தில் சேர்த்தால், எல்லாரும் ஒரே கணத்தில் வாய் திறக்கும் வாய்ப்பு குறைவு என்பதால், சிறு தடங்கள் பலவற்றைவிட ஒரு பெருந்தடம் அதிகப் பேருக்குப் பயன்படும். டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் எர்லாங், தொலைபேசி அழைப்புகள் குறித்து 1909-இல் வெளியிட்ட நிகழ்தகவுக் கணக்கே இந்தச் சிந்தனைக்கு அடித்தளம். தரவைச் சிறு சிறு பொட்டலங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி எழுதி அனுப்பும் முறையை 1960-களில் அமெரிக்காவில் பால் பாரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே வகுத்த பிறகு, எர்லாங்கின் கணக்கு கணினிகளுக்கும் பொருந்தலாயிற்று.

இந்தப் பொட்டல முறையை உலகத் தொலைபேசித் துறைகள் எல்லாம் ஏற்கத்தக்க பொது விதியாக ஆக்கியது 1976-இல் வெளிவந்த எக்ஸ்.25 என்ற நெறிமுறை. கனடாவின் டேட்டாபேக், பிரான்சின் டிரான்ஸ்பேக் ஆகியவை அதன் வழியில் எழுந்த தொடக்ககாலப் பொது வலையமைப்புகள். இந்தியத் தொலைத்தொடர்புத் துறையும் பின்னாளில் ஐ-நெட் என்ற பெயரில் இவ்வகைச் சேவையை நடத்தியது. அந்நாளின் செப்புக் கம்பிகளில் இரைச்சல் மிகுதி என்பதால், பொட்டலம் வழியில் தங்கும் ஒவ்வொரு நிலையத்திலும் அது சிதையாமல் வந்ததா என்று சரிபார்த்து, சிதைந்திருந்தால் முந்தைய நிலையத்திடமே மீண்டும் கேட்டு வாங்கிய பிறகே அடுத்ததற்கு அனுப்பப்பட்டது. மெதுவான முறை, ஆனால் நம்பத்தக்க முறை. பகிர்வின் ஆபத்தும் அப்போதே வெளிப்பட்டது. வீட்டு மக்கள் பயன்படுத்திய மினிடெல் என்ற திரைச் சேவையும் பிரெஞ்சு நிறுவனங்களின் தரவும் ஒரே டிரான்ஸ்பேக்கில் ஓடியதால், 1985 ஜூனில் மினிடெல் போக்குவரத்து பெருகி வலையமைப்பே படுத்தபோது, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத அலுவலகங்களின் வேலையும் நின்றது.

1980-களின் இறுதியில் அலுவலகங்களுக்கு உள்ளே ஈதர்நெட் என்ற உள்ளூர் வலையமைப்பு நொடிக்கு ஒரு கோடி பிட் வேகத்தில் பரவலாக ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே இருந்தது பெரும்பாலும் நொடிக்கு 56,000 அல்லது 64,000 பிட் தடம். உள்ளே பெருஞ்சாலை, ஊர் எல்லையில் ஒற்றையடிப் பாதை. இந்த நெருக்கடியே அதிவேகப் பொதுத் தரவு வலையமைப்புகள் என்ற தனிப் பிரிவைப் பிறப்பித்தது. இதற்குள் கண்ணாடி இழைக் கேபிள்கள் பரவி, தடங்களில் பிழை அரிதாகிவிட்டதால், ஒவ்வொரு நிலையத்திலும் நின்று சரிபார்ப்பது வீண் என்ற எண்ணம் வலுத்தது. சிதைந்த பொட்டலத்தைக் கேள்வி இல்லாமல் எறிந்துவிடுவது, மறுபடி அனுப்பும் பொறுப்பை இரு முனைக் கணினிகளிடமே விட்டுவிடுவது என்று முடிவுசெய்து உருவான எளிய நெறிமுறையே ஃபிரேம் ரிலே. சிஸ்கோ, டிஜிட்டல் எக்விப்மென்ட், நார்தர்ன் டெலிகாம், ஸ்ட்ராட்டாகாம் ஆகிய நான்கு நிறுவனங்கள் 1990-இல் கூடி அதன் நடைமுறை விவரங்களை வகுத்தன. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வில்டெல் நிறுவனம் அதைப் பொதுச் சேவையாக விற்கத் தொடங்கியது.

அதே காலத்தில் போட்டிக்கு எழுந்த இரண்டு முறைகளையும் குறிப்பிட்டாக வேண்டும். அமெரிக்க வட்டாரத் தொலைபேசி நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான பெல்கோர் உருவாக்கிய எஸ்எம்டிஎஸ் என்ற சேவையில், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தொலைபேசி எண்ணைப் போன்ற ஓர் எண் தரப்பட்டது. முன்கூட்டித் தடம் போட்டுவைக்கத் தேவையில்லை, எண்ணை எழுதிப் பொட்டலத்தைப் போட்டால் போய்ச்சேரும், யாரிடமிருந்து வருவதை ஏற்கலாம் என்ற பட்டியலையும் வலையமைப்பே காத்துக்கொள்ளும். 190 தடங்கள் என்ற கணக்கு இதில் இருபது எண்களாகச் சுருங்கிவிடுகிறது. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களை இணைத்த சூப்பர்ஜேனட் இதைப் பயன்படுத்தியது என்றாலும், தேவையான கருவிகளின் விலையும், ஒரு சேவை எல்லா ஊர்களிலும் கிடைக்காவிட்டால் எந்த ஊரிலும் பயன் இல்லை என்ற நிலையும் அதை வளரவிடவில்லை. அழகான ஒரு கருத்து அகாலத்தில் வாடியது என்றே சொல்லவேண்டும். மற்றொன்றான ஏடிஎம், தரவு, குரல், படம் எல்லாவற்றையும் 53 பைட் அளவுள்ள ஒரே மாதிரி அறைகளாக நறுக்கியது; அமெரிக்கத் தரப்பு 64 பைட்டும் ஐரோப்பியத் தரப்பு 32 பைட்டும் கேட்க, நடுவில் 48 என்று முடிவாகி, அதோடு ஐந்து பைட் தலைப்பு சேர்ந்து பிறந்த எண் அது. ஏடிஎம் தொலைபேசி நிறுவனங்களின் உள்வலையில் நெடுங்காலம் உழைத்தது. வாடிக்கையாளரின் வாசல்வரை வந்து வென்றது ஃபிரேம் ரிலேதான்.

அதன் வெற்றிக்குக் காரணமான ஒப்பந்தத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நலம். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் அருகிலுள்ள நிலையம்வரை ஒரே ஒரு தடம். அதற்கு அப்பால் வலையமைப்புக்குள், சென்னைக்கு ஒன்று, மும்பைக்கு ஒன்று என்று மென்பொருளில் வரையப்பட்ட மெய்ந்நிகர்ப் பாதைகள். இங்கே சட்டகம் எனப்படும் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் 16 பிட் கொண்ட ஒரு தலைப்பு. அதில் 10 பிட், எந்தப் பாதை என்பதைச் சொல்லும் எண். மீதியில் ஒரே ஒரு பிட், நெரிசல் வந்தால் இந்தச் சட்டகத்தை முதலில் கைவிடலாம் என்று அறிவிக்கும் அடையாளம். வாடிக்கையாளர் மாதச் சந்தாவில் வாங்கியது, நொடிக்கு இத்தனை பிட் கட்டாயம் கொண்டுசேர்ப்போம் என்ற உறுதியை. சிஐஆர் என்று அழைக்கப்பட்ட இந்த உறுதியளித்த வீதத்துக்கு உட்பட்டவை மதிப்போடு போகும், அதைத் தாண்டிப் பொழியும் சட்டகங்களின் மேல் அந்த ஒற்றைப் பிட் ஏற்றப்பட்டு, வழியில் இடம் இருந்தால் போகும், இல்லையேல் எறியப்படும். நொடிக்கு 2,56,000 பிட் ஓடக்கூடிய வாசலுக்கு 64,000 பிட் மட்டுமே உறுதி என்று ஒப்பந்தம் இருந்தால், மீதி முக்கால்பங்கும் ஊர் காலியாக இருக்கும்போது கிடைக்கும் இலவசம் என்றே பொருள். உறுதி பூஜ்யம் என்று விலையை மிகவும் இறக்கி விற்றவர்களும் இருந்தார்கள். வலையமைப்பு புதிதாக, ஆளற்றுக் கிடந்த காலத்தில் அதை வாங்கியவர்களுக்கு எல்லாம் சரியாகவே நடந்தது. வலை நிரம்பிய பிறகுதான், தாங்கள் வாங்கியது வேகத்தை அல்ல, வேகத்தைப் பற்றிய ஒரு வாக்கை என்பது அவர்களுக்குப் புரிந்தது. பொது வலையமைப்பின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே படிக்கலாம்: விற்கப்படுவது தடம் அல்ல, வாக்கு, வாக்கில் எழுதாதது எதுவும் வாங்கியவருக்குச் சொந்தம் அல்ல.

வாக்கு எழுதியிருந்தும் தவறிய நாள் 1998 ஏப்ரல் 13. அமெரிக்காவின் ஏடி அண்டு டி நிறுவனத்தின் ஃபிரேம் ரிலே வலையமைப்பில் ஒரு சுவிட்சைப் புதுப்பிக்கும் பணியின்போது, மென்பொருள் பிழையால் நிர்வாகச் செய்திகள் சுவிட்சிலிருந்து சுவிட்சுக்கு வெள்ளமாய்ப் பரவி, நாடு தழுவிய அந்த வலை முழுவதும் முடங்கியது. முழுமையாக மீள ஏறக்குறைய 26 மணி நேரம் ஆயிற்று. கடைகளில் கடன் அட்டைகள் செல்லவில்லை, வங்கிகளின் பரிவர்த்தனைகள் தேங்கின. பழுதின் காரணம் கண்டறியப்பட்டுச் சரியாகும்வரை கட்டணம் வாங்குவதில்லை என்று நிறுவனம் அறிவித்ததைப் பாராட்டலாம். ஆனால் ஒரு நாள் வணிகத்தை இழந்த கடைக்கு, அந்த நாளின் தடவாடகை திரும்பி வருவது எந்த வகையிலும் ஈடாகாது. அன்று தப்பித்தவர்கள், வேறொரு வழியைக் கையிருப்பில் வைத்திருந்தவர்களே. தொலைபேசி வழியாக எண் சுழற்றி இணையும் மெதுவான பழைய மோடமாக இருந்தாலும் அது போதுமானதாக இருந்தது.

இந்தியாவில் அதே பத்தாண்டில் நிலைமை வேறாக இருந்தது. ஊர்களுக்கு இடையேயான தரைவழித் தடங்கள் போதிய நம்பிக்கை தராத காலத்தில், தேசியப் பங்குச் சந்தை 1994-இல் திரைவழி வணிகத்தைத் தொடங்கியபோது, நாடெங்கும் உள்ள தரகர் அலுவலகங்களை மும்பையோடு இணைக்க விசாட் எனப்படும் சிறு தட்டு ஆண்டெனாக்களையும் செயற்கைக்கோளையும் நாடியது. மொட்டைமாடியில் ஒரு தட்டை நட்டுவிட்டால் சிற்றூர்த் தரகரும் சந்தைக்குள் வந்துவிடலாம் என்பது அன்றைக்குப் பெரும் மாற்றம். ஆனால் அந்தச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், ஒரு செய்தி ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் ஒளியின் வேகத்தை அது கூட்டித் தராது.

வேகம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருப்பது இங்கேதான் தெரிகிறது. நொடிக்கு எத்தனை பிட் என்பது குழாயின் அகலம். அனுப்பியது எவ்வளவு நேரத்தில் போய்ச்சேரும் என்பது குழாயின் நீளம். இணையத்தின் அடிப்படை நெறிமுறையான டிசிபி, தான் அனுப்பியது சேர்ந்தது என்ற ஒப்புகை வரும்வரை ஓர் அளவுக்கு மேல் அனுப்பாமல் காத்திருக்கும். அந்த அளவு முதலில் 65,535 பைட் என்ற உச்சவரம்போடு வகுக்கப்பட்டிருந்தது. போய்வர அரை நொடி ஆகும் செயற்கைக்கோள் தடத்தில் இந்த வரம்போடு ஓர் இணைப்பு நொடிக்குச் சுமார் பத்து லட்சம் பிட்டுக்கு மேல் கடத்தவே முடியாது. தடத்தின் அகலத்தைப் பத்து மடங்கு கூட்டி வாங்கினாலும் ஒரு கோப்பு முன்பு போன அதே நேரத்தில்தான் போகும். 1992-இல் அந்த வரம்பைத் தளர்த்தும் விதி வந்துவிட்டது; இருந்தும், கிளையில் மென்பொருள் மந்தமாக இருக்கிறது என்றவுடன் காரணம் நீளத்தில் இருக்கும்போது அகலத்தைக் கூட்டி வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

2000-த்தைத் தாண்டியபின் ஃபிரேம் ரிலேயின் இடத்தை எம்பிஎல்எஸ் என்ற முறை பிடித்தது. தபால் நிலையத்தில் முழு முகவரியையும் ஒவ்வொரு முறையும் படிக்காமல், முதல் நிலையத்திலேயே பையின் மேல் ஒரு சிறு சீட்டை ஒட்டி, மற்ற நிலையங்கள் சீட்டை மட்டும் பார்த்துத் தள்ளிவிடுவதைப் போன்றது இது. 1999-இல் எரிக் ரோசனும் யாகோவ் ரெக்டரும் எழுதி வெளியிட்ட ஒரு வழிமுறை, இந்தச் சீட்டைக் கொண்டே ஒரே வலையில் பல நிறுவனங்களை ஒருவரை ஒருவர் காணாதபடி பிரித்துவைக்க வழிசெய்தது. நிறுவனங்களின் உள்முகவரிகள் பெரும்பாலும் 10 என்ற எண்ணில் தொடங்குபவை என்பதால், ஒரு வங்கியின் மதுரைக் கிளைக்கும் ஒரு நூற்பாலையின் கோவை அலுவலகத்துக்கும் அதே முகவரி இருக்கக்கூடும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி வழிப்பட்டியல் வைத்துக்கொள்வதால் இரண்டும் மோதுவதில்லை. மேலும் இதில் எல்லாக் கிளைகளும் எல்லாக் கிளைகளோடும் நேராகப் பேசுகின்றன. எஸ்எம்டிஎஸ் கண்ட கனவு வேறு உருவில் கைகூடியது என்றே கொள்ளலாம். ஆனால் இச்சேவை தனி வலையமைப்பு என்ற பெயரில் விற்கப்படுவதால் ஒரு தவறான நம்பிக்கை பரவிவிட்டது. இதில் தரவு பிரித்துவைக்கப்படுகிறதே தவிரப் பூட்டிவைக்கப்படுவதில்லை. வலையை நடத்தும் நிறுவனத்தின் கருவியில் கைவைக்கக் கூடியவர் உள்ளே ஓடுவதைத் தடையின்றிப் படிக்கலாம்.

பூட்டு வேண்டும் என்றால் அதற்கு மறையாக்கம் தேவை, அதாவது சாவி உள்ளவருக்கு மட்டும் புரியும்படி தரவைக் குலைத்து அனுப்புதல். 1990-களின் பிற்பாதியில் வகுக்கப்பட்ட ஐபிசெக் என்ற நெறிமுறை இதை இணையத்தின் பொட்டலங்களுக்கே செய்யவல்லது. கிளையின் வாசலில் உள்ள ரவுட்டர், உள்ளிருந்து வரும் பொட்டலத்தை அதன் முகவரியோடு சேர்த்தே குலைத்து, அதை ஒரு புதிய பொட்டலத்தின் வயிற்றில் வைத்து, தலைமை அலுவலக ரவுட்டரின் பொது முகவரியை மேலே எழுதி இணையத்தில் விடுகிறது; நடுவில் பார்ப்பவருக்கு எந்த இரண்டு வாசல்கள் பேசுகின்றன என்பது மட்டும் தெரியும், யார் யாரிடம் என்ன பேசினார் என்பது தெரியாது. சாவி இருக்கும்வரை தடம் யாருடையதாக இருந்தாலும் கவலையில்லை என்ற நிலை இதனால் வந்தது. வீட்டுக்கு வரும் அதே பிராட்பேண்ட் இணைப்பு வங்கிக் கிளைக்கும் போதுமானதாயிற்று.

இதில் நடைமுறையில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஒரு கோளாறு உண்டு. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1,500 பைட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. பூட்டும் மேலுறையும் சேரும்போது ஐம்பதிலிருந்து எழுபது பைட்வரை கூடிவிடுவதால், ஏற்கெனவே முழு அளவில் இருந்த பொட்டலம் வழியில் நுழையாமல் போகிறது. அளவைக் குறைத்து அனுப்பு என்று வழியிலுள்ள ரவுட்டர் திருப்பிச் சொல்லும் சிறு செய்தியை, பாதுகாப்புக்காக நிறுவப்பட்ட ஃபயர்வால் தடுத்துவிட்டால் நிலைமை விசித்திரமாகிறது. கிளையில் உள்ளவரால் உள்நுழைய முடிகிறது, பட்டியலைப் பார்க்க முடிகிறது, இணைப்பு இருக்கிறதா என்று சோதித்தால் இருக்கிறது என்றே பதில் வருகிறது. ஆனால் பெரிய அறிக்கை ஒன்றைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. சிறியவை எல்லாம் போய்ப் பெரியவை மட்டும் காணாமல்போகும் இந்த நோயை, பொட்டலத்தில் வைக்கும் தரவின் அளவை 1,460 பைட்டிலிருந்து 1,360 அளவுக்குக் குறைக்கும் ஒரே வரிக் கட்டளை தீர்த்துவிடும். நோயை அடையாளம் காண்பதுதான் நாள்கணக்கில் இழுக்கும்.

கடந்த பத்தாண்டில் பரவிய எஸ்டி-வேன் என்ற முறை, இவற்றில் எதையும் ஒழிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஆள்கிறது. கிளையில் ஓர் எம்பிஎல்எஸ் தடம், ஒரு பிராட்பேண்ட், ஒரு கைப்பேசி வலை இணைப்பு என்று மூன்றையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இந்தக் கணத்தில் எவ்வளவு தாமதம், எவ்வளவு இழப்பு என்று இடைவிடாமல் அளந்து, குரல் உரையாடலை ஒன்றிலும் காப்புப் பிரதியை மற்றொன்றிலும் அது அனுப்புகிறது. ஒப்பந்தத் தாளில் இருந்த வாக்கு நிறைவேறுகிறதா என்று வாடிக்கையாளரே தன் வாசலில் நின்று அளந்துபார்க்க முடிவது இதன் தலையாய பயன்.

ஆனால் எந்த மென்பொருளாலும் அளக்க முடியாத ஒன்று, கேபிள் மண்ணுக்கடியில் எந்த வழியாகப் போகிறது என்பது. ஒரு தடம் அறுந்தால் மற்றது காக்கும் என்று எண்ணி இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குவது நல்ல வழக்கம். இரண்டும் ஒரே தெருவோரக் குழியில் பக்கம்பக்கமாகக் கிடந்தால், தோண்டும் இயந்திரத்தின் ஒரே வாய் இரண்டையும் சேர்த்தே கடித்துவிடும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்ட் தெருவுக்கு அடியில் ஓடும் ரயில் சுரங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. பிற்காலத்தில் அதன் வழியே பல தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தத்தம் கண்ணாடி இழைகளைப் பதித்திருந்தன. 2001 ஜூலை 18 அன்று அந்தச் சுரங்கத்துக்குள் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. ஒன்றோடொன்று போட்டியிட்ட நிறுவனங்களின் இழைகள் ஒரே வெப்பத்தில் சேர்ந்து உருகின. நகரைக் கடந்து போகும் இணையப் போக்குவரத்து தொலைவிலிருந்த ஊர்களிலும் மந்தமாயிற்று. தீ அடங்கும்வரை உள்ளே நுழைய வழியில்லாமல், சுரங்கத்தைச் சுற்றி மேலே தெருக்களின் வழியாகப் புதிய இழையை இழுத்துத்தான் அறுந்த தடங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள்.